பச்சைச் சட்டைக்குப் பின்னால்

"ஓட்டத்தை விட்டுடுங்க சார். நடங்க, நீந்துங்க, சைக்கிள் மிதிங்க. ஓட மட்டும் வேணாம்."

"ஞாயித்துக்கிழமை மட்டும்?"

"உங்க முட்டிக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் தெரியாது சார்."

பிசியோதெரபிஸ்ட் சொன்ன விதத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அன்று சிரிப்புகூட வந்தது.

இப்போது வரவில்லை.

ஏரிக்கரைச் சாலையில் பாதி தூரம்கூட ஆகவில்லை. அதற்குள் வலது முழங்காலுக்குள் மணலைப் போட்டு அரைப்பது போல இருந்தது.

முன்னால் பச்சைச் சட்டை போய்க்கொண்டிருந்தது.

அவள் வயது அவருடையதில் பாதி. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியறியாத மனிதர், அவள் இங்கே ஓடுவதைத் தற்செயலாகப் பார்த்த மறுவாரமே ஷூ வாங்கினார்.

முதல் நாள் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டபோது அவள் ஒரு பார்வை பார்த்தாள். போ என்று சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

பேச்சு கிடையாது. யார் முதலில் வாயைத் திறப்பது என்பதில் இரண்டு பேருக்குமே வீம்பு. அவள் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் தோளுக்குப் பக்கத்தில் கேட்கும். அதை வைத்தே ஒரு வாரத்தைத் தள்ளிவிடுவார்.

"யாரைப் பிடிக்கண்ணே இந்த வயசுல இந்த ஓட்டம்?" என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் கண்ணடித்தார்.

காலையில் மனைவி இரண்டு தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுப்பாள். திரும்பி வந்ததும் ஒன்றைக் கழுவி வைப்பாள். மற்றதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள்.

கடைக்கு வருகிறவர்களை எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு, மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தார். மாடிப்படியில் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினார். முழங்கால் பட்டை தெரியக் கூடாதென்று வெயிலிலும் முழுக்கால் பேண்ட்.

எல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமைக்காக. முட்டிக்குத்தான் அது புரியவில்லை.

வளைவுக்கு முன்னால் கால் மடங்கியது. விழாமல் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். எழுந்துகொள்ளப் பார்த்தார். கால் அவருடையதாகவே இல்லை.

பச்சைச் சட்டை வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்க்க மாட்டாள். அடுத்த வாரம் அவர் வரவில்லை என்றால், வேண்டாமென்று விட்டுவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வாள். போன் செய்தால் எடுக்க மாட்டாள். அவள் வீட்டு வாசலில் போய் நிற்க அவருக்கு முகம் இல்லை.

கூப்பிட வேண்டும். கூப்பிடத்தான் வரவில்லை. எத்தனையோ ஞாயிறு நாக்கு நுனி வரை வந்து, அப்படியே திரும்பிப் போன வார்த்தை அது.

"ஏய்!" என்றார் கடைசியில். குரல் அழுகை மாதிரி வெளியே வந்தது.

பச்சைச் சட்டை நின்றது. திரும்பியது. பிறகு, இதுவரை அவர் பார்த்திராத வேகத்தில் ஓடி வந்தது.

அவள் எதிரே மண்டியிட்டாள். பேண்டின் மேலாக அவர் முட்டியைத் தொட்டாள். கைக்குப் பட்டை தட்டுப்பட்டதும் அவள் முகம் மாறியது. எவ்வளவு நாளாக என்று கண்ணாலேயே கேட்டாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவால இனிமே உன் பின்னால ஓடி வர முடியாது குட்டி. அன்னைக்கு நான் சொன்னதையெல்லாம் மறந்துடு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வா."