ஐந்தாவது குட்டி

“வாலோட பொறந்த அந்தக் குட்டிச் சனியனை ஆத்துல போட்டியா இல்லையா? பரிசோதகர் கார் வந்துருச்சுடி!” பதறினான் அர்மான்.

“ஆச்சு” என்றாள் மனைவி சொலாஞ், துணிக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி.

பூர்பொனே இன வேட்டை நாய்க்குப் பிறவியிலேயே வால் இருக்கக் கூடாது. இருந்தால் நாய் வளர்ப்போர் சங்கத்தில் பதிய மாட்டார்கள்.

சங்கத்தின் பரிசோதகர் லெஸ்கூர் நான்கு குட்டிகளையும் தடவிப் பார்த்தார். “வாலோட ஒண்ணும் பொறக்கலையா?”

“எங்க வீட்டுலயா? சத்தியமா இல்லீங்க ஐயா!”

“போச்சு! அதுங்களைக் கொன்னு கொன்னுதான் இந்த இனமே அத்துப்போகுது. இனிமே அதுங்களையும் பதியலாம்னு விதியை மாத்திட்டு ஓடி வந்தேன்.”

அர்மான் ஆற்றுப் பக்கம் கைகாட்டினான். “காலையிலதான்... ஆத்துல...”

சொலாஞ் கூடையிலிருந்த துணியை விலக்கினாள்.

முதலில் எழுந்தது வால்தான்.