நான்காவது ஃபியூஸ்

“போச்சா?” என்றார் தையல்காரம்மா.

“போச்சும்மா” என்றேன், தலையைச் சொறிந்தபடி.

என் டேப்லட்டின் சார்ஜரை அவர் வீட்டுப் ப்ளக்கில் சொருகியிருந்தேன். சார்ஜ் ஏறவில்லை. விளக்கு சுவிட்சைத் தட்டினேன், அதுவும் எரியவில்லை. புள்ளிவிவரத் துறையில் எனக்குப் பட்டப்பெயரே ‘ஃபியூஸ்’. கணக்கெடுக்கப் போன மூன்று வீடுகளை இந்தச் சார்ஜர் ஏற்கெனவே இருட்டாக்கியிருக்கிறது.

“மன்னிச்சுக்கங்க. சரிபண்ணாம இங்கேருந்து நகர மாட்டேன்.”

“பகல்தானே, என்ன அவசரம்? கேக்க வந்ததைக் கேளுங்க தம்பி.”

ஐம்பத்து மூன்று வயதில் ‘தம்பி’! மனம் குளிர்ந்தது. உடம்பு வாசலிலேயே குளிர்ந்துவிட்டிருந்தது.

குளிரில் கஷ்டப்படும் வீடுகளை எண்ணி, அதற்கேற்ப அரசு உதவி ஒதுக்கும். இந்தத் தெருவில் பதினோரு வீடு முடித்திருந்தேன். பதினொன்றிலும் ‘ஒரு குறையும் இல்ல சார்’. இந்தக் கடைசி வீடும் அப்படியே சொன்னால் தெருவுக்கே பட்டை நாமம். நானாக எதையும் எழுதக் கூடாது. ஆனால் எனக்கு நம்பிக்கை இருந்தது. இருபது வருட சர்வீஸ்; வாயைப் பிடுங்குவதில் நான் பல் டாக்டருக்கு அண்ணன்.

காகிதப் படிவத்தை எடுத்தேன்.

“ஹீட்டர் இருக்கா?”

“ஓ, இருக்கே.”

“ஃபிரிட்ஜ்?”

“அந்தா நிக்குது பாருங்க.”

“தையல் மெஷினுக்கு மோட்டார்?”

“அதுவும் இருக்கு” என்றவர், காலால்தான் மிதித்துக்கொண்டிருந்தார். “மிதிச்சா முழங்காலுக்கு நல்லதாம்.”

“ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கீங்களே?”

“ஒண்ணு கஸ்டமரோடது. அளவு பாக்கிறேன்.”

வசதியான வீடுதான். மளமளவென்று டிக் அடித்தேன். பிறகு ஸ்டூலில் ஏறி ஃபியூஸைக் கழற்றினேன். கம்பி நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் மாற்றினேன். எரியவில்லை. இன்னொரு தரம் மாற்றினேன். ஊஹூம்.

“விட்டுடுங்க தம்பி, ஸ்டூல் உங்க வெயிட்டைத் தாங்காது.”

“அதெப்படி விடறது? நாளைக்கு ஊரே என்னைத் திட்டும். மின்சார ஆபீசுக்கு இப்பவே போன் போடறேன். பத்து நிமிஷத்துல ஆள் வரும்.”

மெஷின் சட்டென்று நின்றது.

“போன் வேண்டாம்.”

“ஏம்மா? தப்பு என்னோடதாச்சே!”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். 

“இருக்கா, இருக்கான்னே கேட்டீங்க. இருக்குன்னேன். ஓடுதான்னு ஒரு வார்த்தை கேக்கலையே தம்பி?” என் படிவத்தை எடுத்து என் கையிலேயே திணித்தார். “நீங்க எதையும் போக்கல. பில் கட்டலைன்னு அந்த ஆபீஸ்காரங்க லைனைக் கழட்டிட்டுப் போய் மூணு மாசமாச்சு. எழுதிக்குங்க.”