எண்ணெய் வளையம்

ஷெட்டில் தமயந்தியின் மலைச் சைக்கிள் நின்றது. அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக்அப்சார்பரின் வழவழப்பான காலில் எண்ணெய் ஒரு வளையமாகக் கசிந்திருப்பதைச் சுவரிலிருந்த பல்லி பார்த்துவிட்டது.

“இது என்ன?” என்று கேட்டது.

“வியர்வை,” என்றது ஷாக்.

பல்லி நக்கிப் பார்த்தது. “வியர்வை உப்புக் கரிக்குமே, இது கசக்கிறதே?”

ஷாக் குரலைத் தாழ்த்தியது. “எண்ணெயை உள்ளே அடக்கி வைக்கும் என் ஆயில் சீல் கிழிந்துவிட்டது. தமயந்திக்குத் தெரிந்தால் என்னைக் கழற்றி, பிரித்துப் போட்டுவிடுவாள். காட்டிக்கொடுத்துவிடாதே.”

“நாளைக்கு உன்னை நம்பித்தானே மலையிறங்கப் போகிறாள்? அந்தப் பாறைகளில் அவளைத் தாங்கிவிடுவாயா?”

“தெரியவில்லை,” என்றது ஷாக்.

மறுநாள் காலை தமயந்தி ஹெல்மெட்டோடு வந்தபோது பல்லி அந்த வளையத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. “போ, போய்விடு,” என்று ஷாக் கெஞ்சியது. பல்லி அசையவில்லை.

அதை விரட்டக் குனிந்த தமயந்தியின் விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தாள்.

சாயங்காலம், புதுச் சீலும் புது எண்ணெயுமாக நின்றது ஷாக். பல்லி தயங்கித் தயங்கி இறங்கி வந்தது.

“கோபமா? ரொம்ப வலித்ததா?”

“வலிக்காமல் இருக்குமா?” என்றது ஷாக். “ஆனால் எனக்குள்ளே என்னென்ன இருக்கிறது என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். எவ்வளவு நீளமான ஸ்பிரிங் தெரியுமா! கிட்டே வா, சொல்கிறேன்.”