சோதனைப் பதிப்பு

"காக்கா, படிக்குக் கைப்பிடி இல்ல, நிலத்துக்கு டைல்ஸ் இல்ல. இதுக்குள்ளயா என்ட மகன் வந்து இரிக்கிற?"

அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைத்து மாப்பிள்ளையின் உம்மா ஸைனம்பு கேட்ட கேள்வியில் ஹமீட் கூனிக்குறுகிப் போனார். மகள் இர்ஷானாவுக்குச் சீதனமாகக் கொடுக்க, காத்தான்குடியில் வாவிப் பக்கமாக அவர் கட்டுகிற வீடு அது. சீமெந்து விலை ஏறியதில் வேலை இழுபட்டுவிட்டது. நிக்காஹ்வோ அடுத்த மாதம்.

"இரிக்க ஏலும் தங்கச்சி. கலியாணம் முடியட்டும். மிச்சத்த ஒவ்வொண்டாச் செஞ்சு தாறன்."

"முடிஞ்ச வீட்டுக்குத்தான் மாப்பிள்ள வருவார். இல்லாட்டி நாளத் தள்ளுங்க."

நாளைத் தள்ளினால் ஊர் வாயை யார் மூடுவது? படித்த பிள்ளை, சொன்னால் விளங்கும் என்று ஹமீட், தாயோடு வந்திருந்த மாப்பிள்ளை றிஸ்லானைப் பார்த்தார்.

றிஸ்லான் மடிக்கணினிக்குள் மூழ்கியிருந்தார். கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்கிறவர். வேலை முழுதாக முடியுமுன்னே கடைக்காரர்களுக்கு விடுகிற சோதனைப் பதிப்பை அன்று காலைதான் வெளியிட்டிருந்தார். போன் அலறியது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஓட்டமாவடி அரிசிக் கடைக்காரர்.

"தம்பி, கட நிறைய ஆக்கள் நிக்கிறாங்க. உங்கட சாமான் பில் அடிக்குதில்ல!"

"ஹாஜியார், அது சோதனைப் பதிப்பு. குறையோடதான் வெளிய விடுவம். நீங்க பாவிச்சுப் பாத்துக் குறையச் சொல்லுங்க, அடுத்த பதிப்புல திருத்துவம். எல்லாத்தையும் முடிச்சுத்தான் தருவம் எண்டு நிண்டா, உலகத்துல ஒண்டும் வெளிய வராது."

என்ன அறிவு! ஹமீடின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதத்தான் மகன் நானும் சொல்றன். நீங்க வந்து இரிங்க. குறையச் சொல்லுங்க, நான் திருத்தித் தாறன்."

றிஸ்லான் சிரித்தார். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்:

"மாமா, அது மத்த ஆக்கள் பாவிக்கிற. இது நான் இரிக்கப் போற."

ஸைனம்பு பெருமையோடு தலையாட்டினார். ஹமீட் கடைசியில், "சரி தங்கச்சி, வயல வித்தாவது முடிச்சுத் தாறன்" என்றார்.

இர்ஷானா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த குசினிக்கு இன்னும் கதவு போடவில்லை. அதில் ஒரு வசதி, பேசியதெல்லாம் உள்ளே கேட்டது. தேத்தண்ணித் தட்டோடு வந்த இர்ஷானா அதை வாப்பாவின் முன்னால் மட்டும் வைத்தாள்.

"வயல விக்காதீங்க வாப்பா. நம்மளுக்கு இந்த வீடே போதும். மாப்பிள்ளதான் இன்னும் சோதனைப் பதிப்பு. அவர்ட உம்மாட்ட முழுசா முடிச்சு அனுப்பச் சொல்லுங்க, மறுகா பாப்பம்."