வெலிச்காவின் முதல் வாடிக்கை

"இந்த ஊர்ல செத்தவங்களை நம்பித்தான் சார் தொழில் பண்ண முடியும். உயிரோட இருந்தவங்க எல்லாம் ஜெர்மனிக்குப் போயாச்சு."

வெலிச்கா சொன்னதும் வகுப்பே சிரித்தது. தையல் தொழிற்சாலையை மூடியதில் வேலை போன பதினோரு பெண்களுக்கு, சிறுதொழில் தொடங்க நல்ல யோசனையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று லோம் நகரில் நடந்த வகுப்பு அது.

பயிற்சியாளர் ஸ்ரெப்ரோவ் பலகையைக் காட்டினார். "பேக்கரி, நகப்பூச்சுக் கடை, பழைய துணி வியாபாரம். இதுல ஒண்ணை எடுங்கம்மா."

"ரெண்டு பேக்கரி மூடிக் கிடக்கு. நகத்துக்குச் சாயம் பூச எந்தப் பொண்ணு இங்க மிச்சம் இருக்கா? கல்லறைத் தோட்டத்துல போய்ப் பாருங்க, பாதிக் கல்லு புல்லுல முங்கிக் கிடக்கு. பிள்ளைங்க எல்லாம் மிலான்ல, ஹானோவர்ல. நான் புல்லு வெட்டி, கல்லைக் கழுவி, பூ வெச்சு, போட்டோ எடுத்து அனுப்புவேன். தேவை இருக்கு, போட்டி இல்ல. அதைத்தானே ஒரு வாரமா சொல்லிக் கொடுத்தீங்க?"

ஸ்ரெப்ரோவ் பலகையை அழிக்க ஆரம்பித்தார்.

செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. இறந்துபோன கணவனின் தம்பி கோஸ்தாதின் சமையலறையில் உட்கார்ந்திருந்தான்.

"கல்லறை கழுவப் போறீங்களாமே அண்ணி. ஊரே சிரிக்குது. இத்தாலியில வயசானவங்களைப் பார்த்துக்கிற வேலை ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். வியாழக்கிழமை பஸ். கிளம்புங்க."

"அந்த பஸ்ஸுல ஏறினவ எவளாவது திரும்பி வந்திருக்காளா? ஆசையா இருந்தா நீயே ஏறிக்கோ. நான் இங்கிருந்து நகரமாட்டேன்."

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களின் முகநூல் குழுவில் அன்றே எழுதிப் போட்டாள்: 'ஊருக்கு வர முடியாதவர்களே, உங்களவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.' கல்லறை என்ற சொல்லை மட்டும் தவிர்த்தாள். படிக்கிற பிள்ளைகளுக்கு மனசு வலிக்கக் கூடாதே.

புதன்கிழமை ஹானோவரிலிருந்து நெவேனா என்ற பெண் அழைத்தாள்.

"அம்மா பேரு பராஸ்கேவா. நாளைக்கு அவங்க பெயர்நாள், அவங்க பேருள்ள புனிதரோட திருநாள். தேவாலயத்தைத் தாண்டி மேட்டுக்குப் போனா அக்ரூட் மரம் ஒண்ணு வரும், அதுக்குப் பக்கத்துல. ஏழு மஞ்சள் சாமந்தி வாங்கிட்டுப் போங்க. நான் ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு." குரல் உடைந்தது. "தனியா இருக்காங்க."

"கவலைப்படாதீங்க. என் சொந்த அம்மா மாதிரி பார்த்துக்கிறேன்."

போனை வைத்தபின் வெலிச்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஊர் வழக்கப்படி பூ கொடுப்பதென்றால் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, இறந்தவர்களுக்கு இரட்டைப்படை. வெளிநாடு போனால் பூக்கணக்குகூட மறந்துவிடுமா? அவளாகவே எட்டுப் பூவாக வாங்கினாள்.

வியாழக்கிழமை காலை, ஒரு கையில் வாளியும் பிரஷ்ஷும், மறுகையில் சாமந்தியுமாகக் கடைத்தெரு நடுவிலேயே நடந்தாள். பஸ் நிலையத்தில் கோஸ்தாதின் நின்றிருந்தான். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு அண்ணி" என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேவாலயம் தாண்டி, மேட்டில், கல்லறைத் தோட்டத்து அக்ரூட் மரத்தடியில் மண்டியிட்டாள். பாசி படிந்த எழுத்துகளை விரலால் துடைத்துப் படித்தாள். பராஸ்கேவா இல்லை. அடுத்த வரிசையிலும் இல்லை. மதியத்துக்குள் தோட்டத்தின் ஒவ்வொரு கல்லையும் பார்த்துவிட்டாள். முழங்கால் எரிந்தது. தோற்றுத் திரும்பினால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், ஆனால் தோற்கப்போவதில்லை.

நெவேனாவை அழைத்தாள். "உங்க அம்மா பேரு இங்க எந்தக் கல்லுலயும் இல்லைங்க. ஆனா நான் விடமாட்டேன். எந்த வருஷம் அடக்கம் பண்ணீங்க, அதை மட்டும் சொல்லுங்க."



"அடக்கமா? அம்மா காலையிலேருந்து வாசல்ல உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."