துவைக்க வந்தவள்

நார்வேயிலிருந்து விமானம் ஏறி வந்த பெண்ணை அழுக்குத் துணி துவைக்க உட்கார்த்தி வைத்திருக்கிறார் சத்தியதாஸ். குன்னத்துகால் ஊரில் இதைப் பேசாத வாய் இல்லை.

சத்தியதாஸ் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் குழுவுக்கு அவர்தான் செயலாளர். யாரை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்கிவிடுவது என்கிற கண்டிப்பு இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

பத்து வருஷமாகக் குழுவில் இருக்கும் ஓமனாவுக்கு மனசு ஆறவில்லை. நேராகப் போய்க் கேட்டாள்.

"அண்ணே, இங்கிரிட் வந்து ஒரு மாசமாச்சு. கிருஷ்ணம்மா அக்கா சுகமா, பாக்கலாமான்னு தெனமும் எங்கிட்ட கேக்கா. ஒரு தடவ கூட்டிட்டுப் போனா என்ன கொறஞ்சு போவும்?"

"வெளிய இருந்து வாறவங்களுக்கு என்ன வேலைன்னு படுக்கையில கெடக்கவங்கதான் சொல்லணும். கமிட்டி தீர்மானமாக்கும்."

அதோடு மனிதர் நோட்டைத் திறந்து கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எழுந்து உட்காரக்கூட முடியாதவர்களா தீர்மானம் போட்டார்கள் என்று ஓமனாவுக்கு ஆத்திரமாக வந்தது.

இங்கிரிட் இந்த ஊருக்குப் புதிது இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு சுற்றுலாக் கம்பெனி அவளை அழைத்து வந்தது. பணம் கட்டினால் கடற்கரை, படகு வீடு, யானை, கூடவே இரண்டு வாரம் ஏழைகளுக்குச் சேவை. அந்தச் சேவைக்கு அகப்பட்டவள் கிருஷ்ணம்மா.

ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் பாறையில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய், நாற்பத்தெட்டு வயதில் கட்டிலே கதி என்று ஆனவள். கணவர் சோமன் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார். அப்புறம் அந்தி வரைக்கும் அவளும் அந்த வாசல் கதவும்தான்.

இங்கிரிட் இரண்டு வாரமும் தவறாமல் வந்தாள். தலை வாரிவிட்டாள், நெயில் பாலிஷ் போட்டாள், சேர்ந்து படம் எடுத்துக்கொண்டாள். மறுபடி வருவேன் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு கிருஷ்ணம்மா எத்தனை நாள் அவளைக் கேட்டாள் என்பது ஓமனாவுக்குத்தான் தெரியும். நகம் வளர்ந்து பாலிஷ் நுனிக்கு வந்துவிட்டது. அப்போதும் நகம் வெட்ட விடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை கம்பெனி இல்லை. இங்கிரிட் தானே குழுவுக்கு எழுதி, உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டிருந்தாள். நோயாளிகளின் விரிப்பு துவைக்க ஆள் இல்லை என்று சத்தியதாஸ் பதில் போட்டார். சரியென்று மூன்று மாதத்துக்குக் கிளம்பி வந்துவிட்டாள். கல்லில் அடித்துத் துவைக்கிறாள், காய வைக்கிறாள், புத்தகம் மாதிரி ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்கிறாள். அப்படி மடித்த விரிப்பை இந்த ஊர் பார்த்ததில்லை.

விரிப்புக்குத் தேவையும் கூடித்தான் இருந்தது. கிருஷ்ணம்மாவுக்கு மட்டுமே வாரத்துக்கு மூன்று. கஞ்சி குடிக்கும்போது சிந்திவிடுகிறாள், எப்போது பார்த்தாலும் கால்மாட்டில் ஈரம். கை தளர ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது என்று ஓமனா பயந்தாள். இங்கிரிட்டைப் பார்க்கும் அவள் ஆசையைக்கூட நிறைவேற்றிக்கொடுக்க முடியாவிட்டால் நாமெல்லாம் எதற்கு என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை சத்தியதாஸ் ஏதோ வேலையாக நெய்யாற்றின்கரைக்குப் போனார். ஓமனா இங்கிரிட்டை ஸ்கூட்டரில் ஏற்றினாள். கிருஷ்ணம்மா வீட்டுப் பலாமரத்தடியில் அவளை நிறுத்தி, கூப்பிடும்போது வந்தால் போதும் என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போனாள்.

"அக்கா, ஆரு வந்திருக்கான்னு சொல்லு பாப்போம்."

கிருஷ்ணம்மா கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

"அவ ஊருக்கு வந்து முப்பத்திரண்டு நாளாச்சு. தெரியும். திருப்பிக் கூட்டிட்டுப் போ மக்கா."

ஓமனா கட்டிலருகே போனாள்.

"எங்கிட்ட கூட்டிட்டு வரண்டாம்னு சொன்னது நானாக்கும். அவளுக்கு எழுதும் முன்ன சத்தியதாஸ் அண்ணன் இங்க வந்து எங்கிட்ட கேட்டாரு. போன தடவ ஆரும் கேக்கல்ல. ரெண்டு வாரம் அவ இருந்தா. எட்டு மாசம் நான் இந்தக் கதவப் பாத்துக் கெடந்தேன். இன்னொரு தடவ என்னால ஆவாது. நான்தான் சொன்னேன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியண்டாம். நொந்து போவா."

ஒரு மாதமாக ஊர் ஏசியதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு சத்தியதாஸ் ஏன் பேசாமல் இருந்தார் என்று ஓமனாவுக்கு இப்போது விளங்கியது. வெட்கமாக இருந்தது.

"வெளிய நிக்கவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"நான் ஒறங்குதேன்னு சொல்லு."

"ஒனக்கு அவளப் பாக்கணும்னு ஆசையே இல்லியா அக்கா?"

கிருஷ்ணம்மா கண்ணால் கால்மாட்டைக் காட்டினாள்.

அங்கே இன்றைக்கும் கஞ்சி. ஓமனா அவளை ஒரு பக்கமாகச் சரித்து ஈர விரிப்பை உருவினாள். பையிலிருந்து துவைத்த விரிப்பை எடுத்தபோது, கிருஷ்ணம்மா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். மடிப்புக் கலையாமல் முகத்தில் வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

ஓமனா பேச்சை மாற்றினாள்.

"கைய ஒரு டாக்டர்கிட்ட காட்டணும் அக்கா. வாரத்துல மூணு தடவ சிந்துதே."

"கைக்கு ஒண்ணும் இல்ல மக்கா," என்றது விரிப்புக்குள்ளிருந்து வந்த குரல். "கஞ்சி சிந்தல்ல. நான் ஊத்துறதாக்கும். அழுக்கானாத்தானே அவ மடிச்சது வரும்."