முழங்கால் ஈரம்

"காலையில இஸ்திரி போட்டுக் கொடுத்த பேன்ட். முழங்கால் வரைக்கும் எப்படி நனைஞ்சுது?"

செருப்பைக்கூடக் கழற்றாத கணவன் வாசலிலேயே நின்றான். "ஆபீஸ் வேலைம்மா."

"ஏன், ஃபைல்ல தண்ணி ஓடுதா?"

அவன் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

அணைக்கட்டு இன்ஜினியர் என்றால் ஈரம் படும்தான். ஆனால் இத்தனை வருஷம் படாத ஈரம், அணையில் போட் ஹவுஸ் திறந்து, அதற்கு மானேஜராக ஒருத்தி வந்து சேர்ந்த பிறகு மட்டும் ஏன் படுகிறது? முதலில் கணுக்கால், இப்போது முழங்கால். மகாராணியைக் கைபிடித்துப் படகில் ஏற்றி இறக்குகிறானோ என்னவோ!

குவார்ட்டர்ஸ் விஷயம் வேறு. அணைக்குக் கீழே, புதுப் பூங்காவை ஒட்டி, தோட்டத்தோடு அருமையான வீடு. சாவி கைக்கு வந்துவிட்டது. மற்ற ஆபீசர்கள் எல்லோரும் குடிபோயாகிவிட்டது. இவன் மட்டும் கொசு, புழுக்கம், பள்ளிக்கூடம் தூரம் என்று தினம் ஒரு சாக்குச் சொல்கிறான். மேட்டுத் தெருவில், குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத இந்த வாடகை வீட்டைக் கட்டிக்கொண்டு அவள் மாரடிக்க வேண்டும். அந்த மானேஜர் குடியிருப்பது பூங்காவுக்குள்ளேயே. பெண்டாட்டி பக்கத்தில் வந்துவிட்டால் இவன் கூத்து நடக்காதே!

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று மத்தியானமே தீர்மானித்துவிட்டாள். சொன்னால் கேட்காத ஆளைச் செய்து காட்டித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

மேஜைமேல் அவனுடைய செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை.

"சார், நீங்க சொன்ன மாதிரி யார்கிட்டயும் மூச்சு விடலை" என்றது ஒரு பெண் குரல். "ஆனா எத்தனை நாளைக்கு சார் மறைக்கிறது? எனக்குப் பயமா இருக்கு. உங்க வீட்லயாவது இன்னைக்குச் சொல்லிடுங்க."

துண்டோடு வெளியே வந்தவனிடம் போனை நீட்டினாள். "உங்க போட் ஹவுஸ் மானேஜரம்மா. வீட்ல சொல்லிடச் சொல்றா. சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவன் முகம் வெளிறிப்போனது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. அணைச் சுவருக்குள்ள நாங்க நடந்து போய்ப் பார்க்கிறதுக்கு ஒரு சுரங்கப்பாதை இருக்கு. போன மாசம் அதுல தண்ணி கசிய ஆரம்பிச்சுது. இன்னைக்கு முழங்கால் அளவு நிக்குது. சுவர்ல விரிசல்மா."

"என்னங்க சொல்றீங்க?"

"மேலதிகாரிகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'படகு விட இப்பத்தான் கூட்டம் வருது, சீசன் முடியற வரைக்கும் வாயைத் திறந்தா உனக்கு வேலை இருக்காது'ன்னுட்டார். சுவர்ப் பக்கம் படகு விடாதீங்கன்னு அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லி வச்சேன்."

"அப்போ... குவார்ட்டர்ஸ்?"

"அணைக்கு ஒண்ணு ஆச்சுன்னா முதல்ல அடிச்சுக்கிட்டுப் போறது அந்த வீடுங்களைத்தான். மலையில மழை வேற கொட்டுது, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. வேலை போனா போகட்டும். இப்பவே போய் அங்க இருக்கிறவங்களை எல்லாம் மேட்டுக்கு வரச் சொல்லப் போறேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அழுகிறாள் என நினைத்து, "பரவாயில்லை விடும்மா" என்று அவன் அவள் தோளைத் தொட்டான்.

"அதில்லைங்க..." அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சாயங்காலம் என் தம்பிகிட்ட சாவியைக் கொடுத்து, நம்ம பிள்ளைங்க ரெண்டு பேரையும் அந்த வீட்டுக்கு அனுப்பிட்டேன்... அவங்க அங்க இருந்தா நீங்களும் தன்னால வந்துடுவீங்கன்னு!"